கிணற்றுத் தண்ணீரில் மலையேறும் வான்

ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பா, தான் வாங்கிய பழைய மோட்டார்ஹோம் ஒன்றின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி. அப்பா கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்துவிட்டு, "உதுதானே எங்கட வானும்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. வடக்கில் பல குடும்பங்களுக்கு மோட்டார்ஹோம் என்றால், டொல்பின் என்று நாங்கள் அழைக்கும் பழைய ரொயோட்டா ஹைஏஸ் வான்தான். பின் இருக்கைகளை மடித்துப் பலகை போட்டால் நான்கு பேர் படுக்கலாம். பாய், பானை, காஸ் அடுப்பு, ஒரு வாளி. முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினால் பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த வான்கள் பெரும்பாலும் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு சேர்ந்த விலையில் புதியது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே இருப்பதைத்தான் ஓட்டுகிறோம்.

ஓட்டவும் எங்களுக்குத் தெரியும். 1990களில் பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்தபோது, ஒஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இந்த மண்ணின் மெக்கானிக்குகள். இடப்பெயர்வின்போது அப்படிப் பாடுபட்டு ஓடிய வாகனத்தில் காயப்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் போனார்கள். "சமாளிச்சுப் போவம்" என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அந்தச் சமாளிப்பு சமதரைக்கு உரியது. யாழ்ப்பாணத்தில் மேடு என்றால் பாலம்தான். உள்ளூரில் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஓடும்வரை வானின் குறை வெளியே தெரியாது. ஏ9 வீதியால் ஏறத்தாழ 320 கிலோமீற்றர் ஓடிக் கண்டிக்குப் போய், அங்கிருந்து கம்பளை, புசல்லாவ, றம்பொட வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் தெரியும். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர்.

எங்கள் வான் றம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் கொதித்து நின்றது. அப்பா பதறவில்லை. பின்னால் எப்போதும் ஒரு கான் கிணற்றுத் தண்ணீர் வைத்திருப்பார். இருபது வருடமாகப் பழைய வண்டிகளை அவர் அப்படித்தான் ஓட்டினார். பிரச்சினையே அந்தக் கான்தான் என்று எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது.

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். எங்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. குழாய் அடைபட்டால் சூடு வெளியேறாது. சமதரையில் எஞ்சினுக்கு வேலை குறைவு, ஆகவே தாங்கும். நிறைந்த பாரத்தோடு இரண்டாம் கியரில் ஒரு மணித்தியாலம் ஏறும்போது தாங்காது. அதோடு நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். அழுத்தம் தாங்கும் நல்ல மூடியும், வடித்த நீரில் கலந்த கூலன்ற்றும்தான் அந்தக் கொதிநிலையை உயர்த்தி வைக்கின்றன. இறப்பர் தேய்ந்த மூடியும் கிணற்று நீரும் அதைச் செய்யா. இன்னும் ஓட்டினால் ஹெட் கஸ்கட் போகும், ஹெட் வெடிக்கவும் கூடும். சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கவே கூடாது. அரை மணித்தியாலமாவது நின்றுதான் ஆகவேண்டும்.

தேர்மோஸ்ரற் வால்வைக் கழற்றிவிட்டால் சூடேறாது என்று கராஜ்களில் இன்றும் சொல்கிறார்கள். அடைபட்ட றேடியேற்றரை அது திறக்காது. எஞ்சின் குளிரில் ஓடித் தேய்வதுதான் மிச்சம், சில எஞ்சின்களில் சூடு கூடவும் செய்யும்.

ஏற்றம் வானைத்தான் கெடுக்கும். இறக்கம் ஆளைக் கொல்லும்.

எரிபொருள் கிடைக்காத காலத்தில் பழகிய ஒன்று, இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது. சமதரையில் அது நாலு துளி மிச்சப்படுத்தும். மலையில் எஞ்சினின் பிடி போய், முழுப் பாரமும் பிறேக்கில் விழும். பிறேக் சூடாகும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வருடக்கணக்கில் மாற்றாத ஒயிலில் சேர்ந்த நீர் அந்தச் சூட்டில் ஆவியாகி, மிதித்தால் மிதி வெறுமனே கீழே போகும். பழைய சாரதிகளின் விதி எளியது: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. பிறேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பெரிய செலவும் இல்லை.

இந்த டீசல் ஹைஏஸ்களில் இன்னொன்றும் உண்டு. பிறேக் மிதியை இலகுவாக்கும் வெற்றிடப் பம்ப் பொதுவாக ஓல்ரனேற்றரின் பின்னால்தான் பொருத்தப்பட்டிருக்கும். பெல்ற் அறுந்தால் பற்றரி விளக்கு எரியும். "சார்ஜ்தானே இல்லை, பகலில் ஓடலாம்" என்று நினைப்போம். சில மிதிகளுக்குப் பிறகு பிறேக்கும் கல்லாகிவிடும். மலையில் அந்த விளக்கைக் கண்டால் ஓரத்தில் நிறுத்துங்கள். மாற்றுப் பெல்ற் ஒன்றை வண்டியில் வைத்திருப்பது கிணற்று நீர்க் கானை விடப் பிரயோசனம்.

டயரின் பூவை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் வானின் டயர் தேயாமலே கிழடாகிவிடும்.

வானுக்குள் படுப்பவர்கள் இரவில் ஏசிக்காகவோ குளிருக்காகவோ எஞ்சினை ஓடவிடக் கூடாது. இந்த வானில் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. மூடியின் இறப்பர் உக்கி, புகைக்குழாயும் துருப்பிடித்திருந்தால், வாசமில்லாத காபன் மொனொக்சைட் உள்ளே நிரம்பும். காஸ் அடுப்பும் வெளியேதான் எரியவேண்டும், மழையென்றாலும்.

ஊர் திரும்பியதும் றேடியேற்றரைக் கழற்றிக் காட்டினார்கள். குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளைக் கல். அப்பா அதை விரலால் சுரண்டிப் பார்த்தார். "தண்ணி ஊத்தினதால தானே அண்டைக்கு வன்னிக்குள்ள ஓடினனான்" என்றார். அது உண்மைதான். மெக்கானிக் தம்பியும் மறுக்கவில்லை. "அண்டைக்கு வேற வழி இல்லை ஐயா. இப்ப கடையில கூலன்ற் இருக்கு" என்றான்.

வரும் ஏப்ரலில் மறுபடியும் போகிறோம். றேடியேற்றர் மாற்றியாயிற்று, பிறேக் ஒயிலும் பெல்ற்றும் புதிது. அம்மா இப்போதே காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் உள்ள பையை எடுத்து வைத்துவிட்டார். நுவரெலியாவுக்கு அது எதற்கு என்று இந்தமுறை யாரும் கேட்கவில்லை. இருக்கைக்குக் கீழே, கான் இருந்த இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா.