லயத்திற்கு அப்பால் ஒரு வீடு

சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் நாம் குடியிருக்கும் லயம் வேலையோடு வருவது. வேலை ஓய்ந்தால் அதுவும் கைவிட்டுப் போகும். தொழிலாளருக்கு வீடளிக்கும் பொறுப்பை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியிடம் ஒப்படைத்தது மெய்யே. ஆயினும் நம் முதுமைக்கு அது கூரை தரவில்லை.

கேரள அரசு 2016இல் தொடங்கிய ‘லைஃப்’ திட்டம் வீடற்ற ஏழைகளுக்கு உரியது. நிலமுள்ளோர் வீடு கட்ட 4 இலட்சம் ரூபாய் உதவி வகுக்கப்பட்டது. நிலமற்றோருக்கும் அதில் இடமுண்டு. 2020இல் விண்ணப்பம் கோரியபோது, ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு வீடு என்பதே கணக்கு. நம்மில் சிலருடைய பெயரோ இன்னும் தேனி மாவட்டத்து அட்டையிலன்றோ கிடக்கிறது! அதனை நீக்கி இங்கே அட்டை பெறுவதே முதல் வேலை. பயனாளிகள் பட்டியல் கிராமசபையின் முன் வரும். அன்று ஒருநாள் கூலி போயினும் நேரிற்சென்று நம் பெயர் உளதா எனக் கேட்டல் வேண்டும். விடுபட்டிருப்பின் மேல்முறையீடு செய்யலாம்.