வேலைநிறுத்தமும் விடுதலைதான்

1938 நவம்பர் 7. பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம். தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்ட்டுகளும் ஒரே களத்தில் நின்றார்கள். வேலைநிறுத்தம் என்பது சுதந்திர உரிமையின் மறுபெயர் என்று சட்டமன்றத்தில் வாதாடினார் அம்பேத்கர்.

ஆனால், அதே பம்பாய் ஆலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சித் தறிநாடாவில் கோக்க வேண்டும். எச்சில் தீட்டு என்று தடுத்தவர்கள் சக தொழிலாளர்கள். அதைத் தொழிற்சங்கங்கள் தட்டிக் கேட்கவில்லை என்பதே அம்பேத்கரின் குற்றச்சாட்டு.

இலத்தூர் வயலில் நாற்று நடுகிறவர்களும் திண்ணையில் பீடி சுற்றுகிறவர்களும் நாம்தான். நமக்குச் சங்கம் வேண்டும். அதன் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே தீண்டாமை ஒழிப்பும் இருக்க வேண்டும்.