டாக்டர் எழுதியது, வீட்டார் எழுதியது

1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் அந்தமானின் போர்ட் பிளேரில் வந்திறங்கிய அதிகாரி ஒரு டாக்டர். பெயர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர். ஆக்ராவில் சிறையை நடத்தியவர். 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களைக் கடல் கடத்தி வைக்க இடம் தேடிய அரசு இவரைத்தான் அனுப்பியது. சாத்தம் தீவில் காடு வெட்டும் வேலை தொடங்கியது. நல்ல தண்ணீர் கிடைக்காமல் ராஸ் தீவுக்கு மாறினார்கள்.

வாக்கர் எழுதியவற்றுக்குக் குறைவில்லை. அவருடைய அறிக்கைகளை எம்.வி. போர்ட்மன் 1899இல் வெளியிட்ட அந்தமான் வரலாற்றில் எடுத்தாண்டிருக்கிறார். அவை மேலிடத்துக்குப் போட்ட கடிதங்கள். தப்பியோடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் தூக்கிலிட்ட சேதியும் அந்த அலுவலக நடையில்தான் போயிருக்கிறது. கல்கத்தா அரசே பதறி, இனி இப்படிச் செய்யக்கூடாது என்றது. இந்த மனிதர் என்றாவது யாருக்காவது நாடி பிடித்துப் பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

கடலுக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில், வாக்கருக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முன்பே வந்து சேர்ந்த டாக்டரின் கதை வேறு. ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடந்துகொண்டிருந்த வைத்தியர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் கையில் கிடைத்த மிஷன் துண்டுநூல் அவரை உலுக்கியது. மனைவி ஹாரியட்டிடம் சொன்னார். அவர் சரி என்றுவிட்டார். 1819 ஜூனில் 'இண்டஸ்' கப்பல் ஏறினார்கள். பிற்பாடு தமிழ் அகராதியால் நாம் அறிந்த வின்சுலோவும் அதே கப்பலில் வந்தவர்தான். கல்கத்தாவை எட்டியதும் ஸ்கடர்களின் கைக்குழந்தை மரியா இறந்தாள். யாழ்ப்பாணத்திலும் குழந்தைச் சாவு தொடர்ந்தது.

பண்டத்தரிப்பில் ஸ்கடர் ஆஸ்பத்திரியும் பிரசங்கமுமாக ஓடிக்கொண்டிருந்தபோது, வீட்டின் பக்தியைத் தாங்கியவர் ஹாரியட். பிள்ளைகளின் பிறந்தநாள்தோறும் உபவாசமிருந்து ஜெபிப்பார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். ஏழு மகன்கள் மிஷன் ஊழியத்துக்கு வந்தார்கள். ஒரு பேத்தி ஐடா; வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அவர் 1900இல் தொடங்கியது. இதையெல்லாம் பார்க்க ஹாரியட் இல்லை. குடும்பம் பிற்பாடு குடியேறிய சென்னையிலேயே 1849இல் காலமானார்.

இந்த வீட்டுக்கதை நமக்கு எட்டுவதற்குக் காரணம் 1870இல் அச்சான ஸ்கடரின் வாழ்க்கை நூல். எழுதியவர் ஹாரியட்டின் அண்ணன் தம்பி உறவில் வந்த வாட்டர்பரி. அன்பும் பக்தியும் கலந்து மிஷன் ஆதரவாளர்களுக்காக எழுதிய புத்தகம் அது. எதை விட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டேதான் படிக்க வேண்டும். பண்டத்தரிப்பில் அறுவைக்குப் படுத்தவர்கள் தங்கள் பக்கத்தை எழுதிவைத்தார்களா என்ன? ஆனாலும் துக்கமும் பயமும் பிள்ளைப்பாசமும் அதில் உண்டு. வாக்கரின் தாள்களில் அவற்றுக்கு இடமே இல்லை.

அந்தமானில் வாக்கர் எழுதாமல் விட்ட அந்தப் பாதியை எழுதியவர்கள் கைதிகள். ஃபஸ்லே ஹக் கைராபாதி என்ற அறிஞர், வாக்கர் போன பிறகு அங்கே கொண்டுவரப்பட்டவர், அரபு மொழியில் எழுதினார்: தீவின் காற்று, நோய், மருந்து கிடைக்காத அவலம், செத்தவர்களை நடத்திய விதம். 1861இல் அவரும் அங்கேயே இறந்தார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்று அறிய டாக்டரைவிட நோயாளியைத்தான் நான் நம்புவேன்.