பி.ஜி சேர்ந்தாச்சா? பிரச்னை வந்தபிறகு தேடாமல், இப்போதே தெரிஞ்சுக்க வேண்டிய கல்லூரி விதிகள்!

எம்.ஏ, எம்.எஸ்ஸி, எம்.காம்... எதுவானாலும் பி.ஜி என்பது நான்கே செமஸ்டர்தான். யு.ஜி-யில் முதல் வருஷம் தடுமாறினாலும் மூன்றாம் வருஷத்துக்குள் சரிபண்ணிடலாம். இங்கே அந்த அவகாசம் கிடையாது. ஆனாலும் நம்மில் பலர் கல்லூரி விதிமுறைகளைப் புரட்டுவதே, ஹால் டிக்கெட் வராதவர்கள் லிஸ்ட்டில் பெயரைப் பார்த்த பிறகுதான். அதற்குள் கெடு முடிந்திருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தை விசாரிச்சுடுங்க. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா, இல்லையா? தன்னாட்சி என்றால் தேர்வு, மதிப்பெண் விதிகளைக் கல்லூரியே வகுக்கும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். இல்லையென்றால் எல்லாமே பல்கலைக்கழக விதிதான். வேறு கல்லூரியில் படிக்கும் ஃப்ரெண்ட் சொல்றது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

வேறு கல்லூரியில் சீட் கிடைச்சா?

தனியார் கல்லூரியில் ஃபீஸ் கட்டிச் சேர்ந்துவிட்டீர்கள். இரண்டு வாரத்தில் அரசுக் கல்லூரி லிஸ்ட்டில் பெயர் வருகிறது. 'கட்டின பணம் வராது, ஒரிஜினலும் இப்போ தர முடியாது' என்று பதில் வந்தால் என்ன செய்வது?

பல்கலைக்கழக மானியக்குழுவான யு.ஜி.சி-யின் 2018-ம் ஆண்டு அறிவிக்கைப்படி, அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிட வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டணத்துக்கும் கணக்கு உண்டு. அட்மிஷனின் கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுத் தொகையும் திரும்ப வரும். அதில் 5 சதவிகிதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், அலுவலகச் செலவுக்குப் பிடிக்கலாம். அதன்பிறகு, கடைசித் தேதி வரை விலகினால் 90 சதவிகிதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80, 30 நாளுக்குள் என்றால் 50 சதவிகிதம். அதையும் தாண்டினால் ஒன்றும் கிடையாது. சில ஆண்டுகளில் யு.ஜி.சி இன்னும் தாராளமான தேதிகளை அறிவித்திருக்கிறது என்பதால், நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

முக்கியமானது, வாயால் கேட்டால் போதாது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதியுடன் கையெழுத்தும் சீலும் போட்ட நகலை வாங்கி வைங்க. விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் திரும்ப வர வேண்டும்.

75 சதவிகிதம்... அதுக்குக் கீழே?

வருகைப்பதிவு 75 சதவிகிதம் இருந்தால் தேர்வு எழுதலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 65 முதல் 74 வரை இருப்பவர்கள், தக்க காரணம் காட்டி, அபராதக் கட்டணம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத முடியாது. இன்னும் குறைந்தால் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். ஒரு செமஸ்டர் என்பது பி.ஜி-யில் கால்வாசிப் படிப்பு!

பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் மாசா மாசம் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. உடம்பு சரியில்லை என்றால் கல்லூரிக்குத் திரும்பும் அன்றே மருத்துவச் சான்றிதழைக் கொடுத்துடுங்க. கருத்தரங்கு, போட்டிகளுக்குப் போனால் ஓ.டி கடிதத்தையும் உடனே கொடுக்க வேண்டும்.

பாஸ் 50... ஆனா தேவை 55!

பி.ஜி-யில் பொதுவாக 50 எடுத்தால் பாஸ். ஆனால், கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி தரும் நெட் தேர்வை எழுத, பொதுப்பிரிவினருக்கு முதுகலையில் 55 சதவிகிதம் வேண்டும். எஸ்.சி, எஸ்.டி, கிரீமிலேயரில் வராத ஓ.பி.சி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 50 சதவிகிதம் போதும். 54 சதவிகிதத்தில் முடித்துவிட்டு, அப்புறம் விஷயம் தெரிந்தால் எவ்வளவு வலிக்கும்!

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்று வைத்துக்கொள்வோம். இன்டர்னலில் 20 வாங்கியவருக்கு 55-ஐத் தொட எக்ஸ்டர்னலில் 35 போதும். பாஸ் ஆகவே பல இடங்களில் 38 எடுக்க வேண்டும் என்பதால், அவர் பாஸ் ஆனாலே 55-ஐத் தாண்டிவிடுவார். 12 வாங்கியவருக்கோ 43 வேண்டும். பல இடங்களில் இன்டர்னல் மார்க் ஒருமுறை பதிவானால் மாற்ற முடியாது. 'அசைன்மென்ட்தானே' என்று விட்டுடாதீங்க.

மார்க் குறைவாக வந்ததாகத் தோன்றினால், விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த சில நாள்களிலேயே இதற்கான கெடு முடிந்துவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

புராஜெக்ட்ல காப்பி-பேஸ்ட்டா?

கருத்துத்திருட்டு தொடர்பான யு.ஜி.சி-யின் 2018-ம் ஆண்டு விதிகள் பிஹெச்.டி-க்கு மட்டுமல்ல, முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். 10 சதவிகிதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40 வரை என்றால், அதிகபட்சம் 6 மாதக் கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திச் சமர்ப்பிக்கவே முடியாது. அதற்கும் மேல் போனால் படிப்புக்கான பதிவே ரத்து. உரிய முறையில் மூலத்தைக் குறிப்பிட்டு எடுத்தாண்ட மேற்கோள்கள் இந்தக் கணக்கில் வராது.

யாரிடம் புகார் சொல்வது?

யு.ஜி.சி-யின் 2023-ம் ஆண்டு விதிப்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் கொடுத்த 15 வேலை நாள்களுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால், 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாலியல் தொல்லை என்றால் அதற்கென உள்ள உள் புகார் குழுவிடம், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

கவனிச்சீங்களா... 15 நாள், 75 சதவிகிதம், 3 மாதம் என்று ஒவ்வோர் உரிமைக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. குறிப்பாக, வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டமேற்படிப்புக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லித்தர அண்ணனோ அக்காவோ இருக்க மாட்டார்கள். அதனால் இந்த வாரமே துறைத்தலைவரிடமோ அலுவலகத்திலோ விதிமுறைக் கையேட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் கல்லூரிக்கான தேதிகளை போன் காலண்டரில் போட்டுடுங்க. அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் ஒரு நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும்!