தானே நிரம்பும் கட்டங்கள்

திருப்பூரிலிருந்து 120 கிலோ பனியன் துணி கொச்சிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கிலோ விலை 450 ரூபாய். கணக்கர் கணிப்பொறித் திரையிலுள்ள பில் படிவத்தில் எடையையும் விலையையும் தட்டுகிறார். விரலை எடுக்குமுன் அடுத்த கட்டத்தில் 54,000 என்று தோன்றுகிறது, அதற்கடுத்ததில் 5 சதவீத வரி 2,700, மொத்தம் 56,700. எடையை 105 என்று திருத்தினால் மொத்தம் 49,612.50 ஆகிவிடுகிறது. இத்தொகைகளை மாற்றுவது எது?

எங்கோ தொலைவிலுள்ள பெரிய கணிப்பொறி என்று பலரும் எண்ணுவர். தொடக்கக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. படிவம் அங்கே போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஒரு மொழியை உருவாக்கினார். உலாவிக்குள்ளேயே இயங்கும் அம்மொழியே ஜாவாஸ்கிரிப்ட். (ஜாவா என்ற மொழி வேறு; இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தமே மிகுதி!)

உலாவி ஒரு பக்கத்தைப் படித்ததும் அதை ஒரு மரமாக நினைவகத்தில் அமைத்துக்கொள்கிறது. பக்கம் அடிமரம், படிவம் கிளை, ஒவ்வொரு கட்டமும் ஓர் இலை. 'எடை', 'விலை' என இலைக்கு ஒரு பெயர் உண்டு. 'கெட் எலிமென்ட் பை ஐடி' என்னும் கட்டளை அந்தப் பெயரைச் சொல்லி இலையைப் பிடிக்கிறது. அதன் 'வேல்யூ' என்ற பண்பைப் படித்தால், தட்டியது கிடைக்கும். அதில் எழுதினால், திரையில் தெரியும்.

எப்போது படிப்பது? நிட்டிங் மிஷினைப் பார்த்திருப்பீர்கள். நூல் அறுந்ததும் விளக்கு எரிந்து மிஷின் தானே நிற்கிறது. ஒவ்வோர் ஊசியையும் ஆள் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கட்டமும் அவ்வாறே. எழுத்து மாறியவுடன் 'இன்புட்' என்ற நிகழ்ச்சி எழுகிறது. அதற்குக் காது கொடுத்திருக்கும் நிரல் விழித்துக் கணக்கிடுகிறது. ஒன்று கவனிக்க: நிரலே ஒரு கட்டத்தில் எழுதினால் இந்நிகழ்ச்சி எழாது. ஆகவே வரிக் கட்டத்தை மாற்றிய நிரல்தான் மொத்தத்தையும் மாற்ற வேண்டும்.

இனி, புதியவர்கள் விழும் குழிக்கு வருவோம். கட்டத்திலிருந்து கிடைப்பது எண் அன்று. எண்போல் தோன்றும் எழுத்துக்கோவை. 120-ஐ 450-ஆல் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைத் தானே எண்களாக்கிச் சரியான விடை தருகிறது. இதில்தான் ஏமாற்றம்! பெருக்கல் சரியாக வந்ததால் கூட்டலையும் நம்புகிறோம். ஆனால் கூட்டல் குறிக்கு எழுத்துகளை ஒட்டும் வேலையும் உண்டு. 54000-உடன் 2700 சேர்ந்து 540002700 ஆகிவிடும். ஐந்து கிலோக்குறைய ஒன்றேகால் குவிண்டால் துணிக்கு 54 கோடி ரூபாய்! 'நம்பர்' என்ற கட்டளையால் முதலில் எண்ணாக்கிக்கொண்டால் தீர்ந்தது.

வரிக் கட்டங்களில் இன்னொரு நுட்பம். வணிகரின் 15 இலக்க வரிப் பதிவெண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழகம் 33, கேரளம் 32. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் 33 என்றால் பொதுவாக 2,700 ரூபாய் மத்திய வரி 1,350, மாநில வரி 1,350 என்று பிரியும். கொச்சிக்குப் போனால் முழுத்தொகையும் ஒருங்கிணைந்த வரிக் கட்டத்தில் விழ வேண்டும். நிரல் அவ்விரு இலக்கங்களை ஒப்பிட்டு, வேண்டாத கட்டத்தை மறைத்துவிடும்.

மாநில எல்லை தாண்டும் சரக்கின் மதிப்பு, வரியையும் சேர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் மின்வழிச் சீட்டு வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. நம் 120 கிலோவுக்கு அது வேண்டும். 105 கிலோவுக்குப் பொதுவாக வேண்டாம். தொகை தவறினால் வாளையாற்றுக்கு அப்பால் சோதனையில் லாரி நிற்கும். ஓட்டுநரும் பட்டினியாக நிற்பார்.

ஆகவே உலாவி போட்ட கணக்கை மட்டும் நம்பலாமா? கூடாது. வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறியில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். அந்தப் பக்கத்தின் மரம் விரியும். ஒரு சொல்லை இருமுறை சொடுக்கி மாற்றிப் பாருங்கள், திரையிலும் மாறும். பக்கத்தை மீண்டும் ஏற்றினால் பழைய சொல் வந்துவிடும், ஏனெனில் நீங்கள் மாற்றியது உங்கள் பிரதியை மட்டுமே. வரித் தொகையையும் ஒருவர் இப்படி மாற்றி அனுப்பலாமல்லவா? அதனால்தான் படிவத்தைப் பெறும் கணிப்பொறி, எடையிலிருந்து தொடங்கி முழுக் கணக்கையும் இன்னொரு முறை போட்டுப் பார்க்கிறது.