நெஞ்சின் நோய் காலில் இறங்குவது எப்படி?

ஓர்ஸ் ஹில் என்றும் உவர்மலை என்றும் வழங்கும் திருகோணமலைத் துறைமுகத்து மேட்டுப் பகுதியிலிருந்து எழுதியிருக்கும் வாசக அன்பர் ஒருவர், நாற்பது வருஷம் சுருட்டுப் புகைத்து முட்டு வருத்தத்துக்கு ஆளான தம் தமையனாருக்கு, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது போதாதென்று இப்போது மாலையானால் இரு கால்களும் வீங்கிவிடுகின்றனவே, நெஞ்சிலுள்ள நோய் பாதத்தில் எப்படி இறங்கிற்று என்று கேட்கிறார்.

நாட்பட்ட நுரையீரல் நோயில் மூச்சுக்குழல் சுருங்குவதும் காற்றறைகள் சிதைவதும் எல்லோரும் கேள்விப்பட்ட செய்தி. அவ்வறைகளைப் போர்த்தியிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் விசித்திர சுபாவத்தைத்தான் ஒருவரும் பேசுவதில்லை. சரீரத்தின் மற்ற அவயவங்களில் பிராணவாயு குன்றினால், அங்குள்ள நாடிகள் விரிந்துகொடுத்துப் பசித்த இடத்துக்கு மேலும் இரத்தத்தை அனுப்பும். நுரையீரலிலோ, காற்று வராத அறையை அண்டிய நாடி சுருங்கிக்கொள்ளும்! 1946ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து வான் யூலரும் லில்யெஸ்ட்ராண்டும், பூனைகளுக்குப் பிராணவாயு குறைந்த காற்றை ஊட்டியபோது நுரையீரல் நாடியின் அழுத்தம் ஏறக்கண்டு, இரத்தத்தை நல்ல காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும் உபாயம் இது என்று எழுதினார்கள். கந்தளாய்க் குளத்துப் பாய்ச்சலில், விதைக்காத வயலின் வக்கடையை என் மாமனார் மண்வெட்டியால் ஒரே கொத்தில் அடைத்து, பயிருள்ள வயலுக்கு நீரைத் திருப்புவார், அதே யுக்திதான். போன இரத்தம் வெறுங்கையோடு திரும்பாது.

ஆனால் நுரையீரல் முழுவதிலுமே காற்றுப் பஞ்சம் வந்துவிட்டால்? வக்கடைகளெல்லாம் ஒருங்கே அடைபடுகின்றன. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தமோ அவ்வழியேதான் போயாக வேண்டும். இயல்பில் 15 மில்லிமீற்றர் பாதரச அளவைச் சுற்றி நிற்கும் சராசரி அழுத்தம் உயர்கிறது. வருஷக்கணக்கில் நாடிச் சுவர்களும் தடித்துப்போகின்றன. மெல்லிய சுவருடைய வலது இருதய அறை தள்ளித் தள்ளிச் சோர்ந்துவிட, திரும்பிவரும் இரத்தம் தேங்கி, காலில் நீர் கோத்துக்கொள்கிறது.

புகையின் கைங்கரியம் இத்தோடு முடிவதில்லை. இரத்தக் குழாயின் உட்புறத்தில், ஒரே கலத் தடிப்புள்ள படலமொன்று, குழாயை விரியச் செய்யும் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்தபடி இருக்கிறது. இவ்வாயுவின் பெருமையைத் துலக்கிய மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. புகை அப்படலத்தைப் புண்படுத்துகிறது. இந்நோயாளியின் முன்கையைப் பட்டியால் 5 நிமிஷம் இறுக்கிச் சட்டென்று தளர்த்தி, புயத்து நாடியை ஒலியலைக் கருவியால் பார்த்தால், பாய்ந்துவரும் இரத்தத்துக்கு அது விரிய வேண்டிய அளவு விரிவதில்லை. நுழைந்தது நெஞ்சில், கெட்டதோ கைநாடியும். இவர்களுள் பலரை மாரடைப்புக் கொண்டுபோவதில் வியப்பென்ன?

சுருட்டையே தொடாமல், விறகுப் புகை சூழ்ந்த குசினியில் ஆயுளைக் கழித்த நம் தாய்மாருக்கும் இவ்வியாதி வருகிறது. அதை வயதின் மேல் போட்டுவிடுகிறோம். வாசலுக்கு அலங்காரத் தூண் நிறுத்துவோருக்கு ஒரு புகைபோக்கி வைக்க மனம் வராதது எனக்கு விளங்கவில்லை.

அன்பர் தம் தமையனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, ஊதிப் பார்க்கும் சோதனையோடு விரல் நுனியில் பிராணவாயு அளவையும் இருதயத்தையும் பார்க்கச் சொல்லட்டும். ஈரலும் சிறுநீரகமும் கெட்டாலும் கால் வீங்குமாதலால், தாமாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிராணவாயு மிகக் குறைந்திருப்பின், வீட்டிலேயே தினமும் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் அதைச் செலுத்திக்கொள்வது ஆயுளை நீட்டும். ஆனால் சுருட்டுப் புகையும் வீட்டில் அக்கருவியை வைப்பது தீயை வரவழைப்பதாகும். ஆகையால் முதலில் சுருட்டை நிறுத்தட்டும்.