மேசைக்கே வரும் சாப்பாடு

அக்கா வீட்டுக்காரருக்குப் போக்கர் பைத்தியம். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் குடியேறிப் பல வருடம் ஆகிறது. விடுமுறையில் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை மாலை, "சும்மா வந்து பாரேன்" என்று அத்தான் என்னையும் சீட்டாட்டக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

சீட்டு எனக்குப் பாதிதான் புரிந்தது. கண் முழுக்கச் சாப்பாட்டின் மேல்தான் இருந்தது.

முட்டை வடிவ மேசை, சுற்றிலும் ஒன்பது பேர். கையைத் தூக்கினால் பணிப்பெண் மெனு அட்டையோடு வருகிறார். ஸ்டேக், ஆம்லெட், வறுத்த சோறு, வியட்நாமிய ஃபோ நூடல்ஸ் எல்லாம் உண்டு. ஆட்டத் துணியின் மேல் தட்டு வைக்கக்கூடாது. அதனால் சக்கரம் வைத்த ஒரு குட்டி மேசையை உருட்டி வந்து இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே செருகிவிடுகிறார்கள். ஒரு வாய் சோறு; சீட்டைப் பார்ப்பது; பிடிக்காவிட்டால் தள்ளிவிடுவது; மறுபடி ஒரு வாய். டிப்ஸுக்குப் பர்ஸைத் திறப்பதில்லை, ஒரு டாலர் சில்லைத் தட்டில் போடுகிறார்கள்.

எண்ணெய்க் கைதான் பெரிய குற்றம். சீட்டில் பிசுக்கு ஒட்டினால் மேசையே முறைக்கும். எதிரே இருந்தவர் உருளைக்கிழங்கு சிப்ஸைச் சாப்ஸ்டிக்கால் எடுத்துத் தின்றார்! வலக்கையால் பிசைந்து இடக்கையால் சீட்டுப் பிடிக்கலாமே என்றேன். அத்தான் சிரிக்கவில்லை.

இவ்வளவு உபசாரம் எதற்கு? கலிபோர்னியாவின் சீட்டாட்டக் கூடங்களில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்தான் மோதுகிறார்கள். யார் வென்றாலும் கூடத்துக்குக் கவலையில்லை. பந்தயப் பணத்தில் விழுக்காடு எடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் எடுக்கிறார்கள். அது 5 டாலர் என்றும், மணிக்கு 30 ஆட்டம் நடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மேசைக்கு மணிக்கு 150 டாலர். மூன்று பேர் பசிக்கு எழுந்து போனால் ஆட்டம் சுவாரஸ்யம் இழந்து மேசையே கலைந்துவிடலாம். ஒரு தட்டு நூடல்ஸை நாற்காலிக்கே அனுப்புவது அதைவிட மலிவு. இங்கே பக்கத்து கார்டினா ஊரில் 1936இலேயே சீட்டாட்டக் கூடம் வந்துவிட்டது. இந்தக் கணக்கு இவர்களுக்கு அத்துப்படி.

எழுந்து போனால் ஆட்டக்காரருக்கும் தொல்லைதான். சுற்று வரும்போது போட வேண்டிய கட்டாயப் பந்தயத்தைத் தவறவிட்டால், திரும்பி வந்து அதைக் கட்டித்தான் உட்கார வேண்டும். பெரிய போட்டிகளில் நிலைமை வேறு. அங்கே கடிகாரத்தை நிறுத்தி எல்லோரையும் இரவுச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எழுந்து போவதால் அங்கே யாருக்கும் நட்டமில்லை.

இங்கிலாந்தின் சேண்ட்விச் பிரபு சூதாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல் ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துக் கேட்ட கதை நமக்குத் தெரியும். அவர் அலுவல் மேசையில் அப்படிச் சாப்பிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவருடைய வாழ்க்கையை எழுதிய ரோட்ஜரின் கருத்து. ஆனால் சூதாட்டக் கதைதான் நிலைத்தது.

சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் நுழைய 2019 முதல் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். மனிதரைத் தடுக்கத்தான் அந்தக் கட்டணம். ஆனால் கட்டிய பிறகு, "கொடுத்த காசுக்கு இருந்துவிட்டுப் போவோம்" என்று தோன்றாதா? வீட்டில் ஒருவரின் சூதாட்டம் எல்லை மீறினால், அவர் உள்ளே நுழையாதபடி குடும்பத்தாரே தடை உத்தரவு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இரவு பதினொன்றுக்கு அத்தானின் கைப்பேசி அடித்தது. அக்கா. சீட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "சாப்பிட்டாச்சு, நீ படு" என்றார்.

வீடு சேர்ந்தபோது மணி இரண்டு. மேசையில் இரண்டு தட்டுகள் கவிழ்த்து வைத்திருந்தன, நடுவே மூடி வைத்த மீன் குழம்பு. அக்கா சோபாவிலேயே தூங்கிப் போயிருந்தார். நான் ஒரு தட்டை நிமிர்த்திச் சோறு போட்டுக்கொண்டேன். அத்தான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இன்னொரு தட்டை எடுத்தார்.